உம் கொட்டுகிறார்களா, பாருங்கள்

ஊழியத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகு எனக்கு ஒரு வேலை தானாக வந்து சேர்ந்தது. இறையியல் படிக்கிற பிள்ளைகளும் புதிதாக வந்த சபை ஊழியர்களும் எங்கள் பக்கத்து ஊர்களில் பிரசங்கம் பண்ண வரும்போது, பின்னால் ஒரு ஓரமாக உட்கார்ந்து கேட்டுவிட்டு, ஆராதனை முடிந்ததும் டீ குடித்துக்கொண்டே நாலு வார்த்தை சொல்வது. யாரும் நியமிக்கவில்லை. ஒரு பையன் வந்து கேட்டான், அவன் சொல்லி இன்னொருத்தன் வந்தான், அப்படியே பழகிவிட்டது.

தூத்துக்குடி மாவட்டத்தில் தேரிக்காட்டை ஒட்டிய ஊர்கள் இவை. செம்மணல், பனை, முருங்கை, தண்ணீர் இருக்கிற இடத்தில் வாழை. காலை ஆராதனைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் விடியுமுன்னே ஒரு வேலையை முடித்துவிட்டு வந்தவர்கள். பிரசங்கம் தொடங்கிப் பத்து நிமிடத்தில் ஃபேன் காற்றுக்குக் கண் சொருகும். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. பவுலே நடுராத்திரி வரை பேசி, ஜன்னலில் உட்கார்ந்திருந்த ஐத்திகு என்கிற வாலிபனைத் தூங்கி விழ வைத்தவர்தானே, அதுவும் மூன்றாம் மாடியிலிருந்து. நம் தம்பிமாருக்கு நடுராத்திரி வரை ஆகாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஒருநாள் ஒரு தம்பி காணாமற்போன வெள்ளிக்காசைப் பற்றிப் பேசினான். லூக்கா 15. மூன்று தலைப்பு: தொலைத்தல், தேடுதல், தேறுதல். மூன்றும் ஒரே வரிசையில் வந்துவிட்டதே என்ற சந்தோஷம் அவன் முகத்தில் தெரிந்தது. நானும் அந்த வயதில் அப்படிச் சந்தோஷப்பட்டவன்தான், முந்தின ராத்திரி முழுக்க ஒரு எழுத்துக்காக மண்டையை உடைத்துக்கொண்டிருப்பேன். மூலமொழியில் அது திராக்மா என்றான், ஒரு நாள் கூலி என்றான், அடுத்த தலைப்புக்குப் போய்விட்டான். எனக்கு முன்னால் இருந்த பாட்டி எப்போதோ தூங்கியாயிற்று.

டீக்கடையில் கேட்டேன். "தம்பி, உங்க அம்மா எதையாவது தொலைச்சுட்டுத் தேடிப் பாத்திருக்கீங்களா?"

அவன் யோசிக்கவே இல்லை. அம்மாவின் கம்மல் திருகாணி ஒருநாள் விழுந்துவிட்டது, அன்றைக்குச் சோறு பொங்கவில்லை, பாயையெல்லாம் உதறி, பெட்டியை இழுத்துப்போட்டு, முற்றத்து மண்ணை அள்ளிச் சுளகில் போட்டுப் புடைத்துப் பார்த்தாளாம், அப்பா ஒரு பக்கம் சத்தம் போட, இவனையும் தங்கச்சியையும் டார்ச் பிடிக்க வைத்து, கடைசியில் தலையணை உறைத் தையலுக்குள் கிடந்து கிடைத்ததாம். "கெடச்சதும் அம்மா முதல்ல என்ன செஞ்சா தெரியுமா ஐயா? அடுத்த வீட்டு அத்தையைக் கூப்பிட்டுச் சொன்னா." சொல்லும்போது அவன் கை சுளகு புடைத்துக்கொண்டிருந்தது. டீ மாஸ்டர் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

வேதத்தில் அந்தப் பெண்ணும் அதைத்தான் செய்கிறாள். விளக்கைக் கொளுத்தி, வீட்டைப் பெருக்கி, கண்டுபிடித்ததும் சிநேகிதிகளையும் அயல்வீட்டுக்காரிகளையும் கூட்டி வைத்துச் சொல்கிறாள். இதை ஏன் தம்பி அங்கே சொல்லவில்லை என்று கேட்டதற்கு அவன் சொன்ன பதில்: "ஐயா, அது கதைதானே."

இந்தக் 'கதைதானே' என்கிற சொல்தான் நம் பிள்ளைகளைப் பிடித்த வியாதி. நம் பேச்சிலேயே கதைக்கு மரியாதை குறைந்துபோயிற்று. கதை விடாதே என்கிறோம், கதை அளக்கிறான் என்கிறோம். கதை ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்கு, பெரியவர்களுக்கு உபதேசம் என்று ஒரு பாகப்பிரிவினையும் செய்து வைத்திருக்கிறோம். ஆனால் இயேசு உவமையைச் சொன்னது வரி தண்டுகிறவர்களுக்கும் பரிசேயர்களுக்கும். நாத்தான் தீர்க்கதரிசி கதை சொன்னது தாவீது என்கிற ராஜாவுக்கு. யோதாம் கெரிசீம் மலையுச்சியில் ஏறி நின்று, மரங்களெல்லாம் தங்களுக்கு ராஜா தேடிப் போன கதையை, கொலைகாரன் ஒருவனை ராஜாவாக்கிக்கொண்ட சீகேம் ஊர்க்காரர்களுக்குச் சொன்னான். ஒலிவமரம் மாட்டேன் என்றது, அத்திமரம் மாட்டேன் என்றது, திராட்சச்செடி மாட்டேன் என்றது, கடைசியில் முட்செடி 'என் நிழலில் வந்து அடையுங்கள்' என்றது. எந்தத் தேர்தல் சமயத்திலும் இதை வாசிக்கலாம், ஒரு வார்த்தை விளக்கம் வேண்டாம்.

நமக்கு இது புதிதும் இல்லை. 1774இல் திருநெல்வேலியில் பிறந்து தஞ்சாவூரில் வாழ்ந்த வேதநாயக சாஸ்திரியார், குறத்தி வந்து குறி சொல்லும் நாடக வடிவத்தை எடுத்துத்தான் பெத்லகேம் குறவஞ்சி பாடினார். நான் சிறுவனாக இருந்தபோது கிறிஸ்துமஸ் சமயத்தில் ஆலயத்துக்கு முன்னால் வில்லுப்பாட்டு நடக்கும். பாடுகிறவர் ஒரு வரி சொன்னால் பக்கத்தில் இருப்பவர் 'ஆமா' போடுவார். யோசேப்பை அண்ணன்மார் குழியில் தள்ளுகிற இடத்தில் அவர் 'ஆமா' போடாமல் ஒரு கணம் பேசாமல் இருந்தது எனக்கு இன்றைக்கும் காதில் கேட்கிறது, அந்த ஒரு கணத்தில் கூட்டமே மூச்சை அடக்கிக்கொண்டது. மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் தியாபிலஸ் அப்பாவு நாட்டுப்புற மெட்டுகளில் வழிபாட்டையே கட்டிக் காட்டினார். இவ்வளவு வைத்துக்கொண்டு நாம் தலைப்புக்கு மோனை தேடிக்கொண்டிருக்கிறோம்.

சரி, கதை சொல்லுங்கள் என்றால் உடனே இன்னொரு ஆபத்து வருகிறது, வாட்ஸ்அப். கழுகுக்கு நாற்பது வயதானதும் மலையுச்சிக்குப் போய்த் தன் அலகைப் பாறையில் மோதி உடைத்து, நகத்தைப் பிடுங்கி, புதிதாக முளைக்கும் வரை காத்திருந்து இன்னும் முப்பது வருடம் வாழ்கிறது என்ற கதையை நான் எத்தனை பிரசங்கத்தில் கேட்டிருக்கிறேன் என்று கணக்கே இல்லை. எந்தக் கழுகும் அப்படிச் செய்வதில்லை. அலகை உடைத்துக்கொண்டால் தின்ன முடியாமல் செத்துப்போகும். இறகு உதிர்ந்து புதிதாக முளைப்பது உண்மை, கழுகைப்போல் வாலவயது திரும்பும் என்று பாடிய சங்கீதக்காரனுக்கு அது போதுமானதாக இருந்தது. இதைப் பள்ளிக்கூடத்தில் உயிரியல் படிக்கிற பிள்ளை ஒன்று முன்வரிசையில் இருந்து கேட்கும் என்று நினைத்துப் பாருங்கள். கழுகு பொய் என்றால் அடுத்து நீங்கள் சொல்லப்போகிற எதை அவள் நம்புவாள்? கற்பனைக் கதையைக் கற்பனை என்று தெரியும்படி சொல்லுங்கள், 'ஒரு ஊர்ல ஒரு அப்பா' என்றால் யாரும் ஊர்ப்பெயர் கேட்கப்போவதில்லை.

இன்னொன்று, இதை நான் பட்டுத்தான் படித்தேன். ஊழியத்துக்கு வந்த புதிதில், வீடு சந்திப்புக்குப் போன இடத்தில் ஒரு அம்மா தன் மகன் சண்டை போட்டுக்கொண்டு வீட்டைவிட்டுப் போனதைச் சொல்லி அழுதார்கள். அடுத்த ஞாயிறு நான் அதை அப்படியே பிரசங்கத்தில் சொன்னேன். பெயர் சொல்லவில்லை, நம் ஊரில் என்றும் சொல்லவில்லை. அறுபது வீடு இருக்கிற ஊரில் பெயர் எதற்கு? எல்லோரும் உம் கொட்டிக் கேட்டார்கள், சிலர் கண்ணைத் துடைத்தார்கள், நான் பிரசங்கபீடத்திலிருந்து மிதப்பாக இறங்கினேன். மறுவாரம் அந்த அம்மா உட்காருகிற இடம் காலியாக இருந்தது. வீட்டுக்குப் போனேன். காப்பி போட்டுக் கொடுத்தார்கள். "நீங்க நல்லாத்தான் சொன்னீங்க ஐயா" என்றார்கள், அதற்கு மேல் ஒன்றும் இல்லை. அப்புறம் அவர்கள் எங்கள் ஆலயத்துக்கு வரவே இல்லை.

நாத்தான் என்ன செய்தார் என்பது அதற்குப் பிறகுதான் எனக்கு விளங்கியது. தாவீது அடுத்தவன் மனைவியை எடுத்துக்கொண்ட விவகாரத்தை, பணக்காரன் பறித்துக்கொண்ட ஒரு ஏழையின் ஆட்டுக்குட்டியாக மாற்றிவிட்டார். அந்தக் குட்டி அவன் வாயின் அப்பத்தைத் தின்று, அவன் பாத்திரத்தில் குடித்து, அவன் மடியில் படுத்துக்கொண்டது என்று சொல்லச் சொல்ல ராஜாவுக்குக் கோபம் தானாக ஏறுகிறது. 'நீயே அந்த மனுஷன்' என்பது அதற்கு அப்புறம்தான் வருகிறது. நான் ஆட்டுக்குட்டியே இல்லாமல் ஆளைக் கொண்டுபோய் நடுவில் நிறுத்தினேன்.

கதைக்கு எங்கே போவது என்று கேட்கிறார்கள். முதலில் வாசித்த பகுதிக்குள்ளேயே போங்கள் என்பேன். நல்ல சமாரியன் கதையில் கள்ளர் கையில் ஒருவன் அகப்படுகிற, எருசலேமிலிருந்து எரிகோவுக்குப் போகிற பாதை 25 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல், அதற்குள் ஏறத்தாழ 1000 மீட்டர் இறக்கம். மாஞ்சோலையிலிருந்து மணிமுத்தாறுக்கு இறங்கியவர்களுக்கு அந்த வளைவுகளை விளக்க வேண்டியதில்லை. என்ன, அங்கே காடு இல்லை, மொட்டைப் பாறை, ஒளிந்திருக்கிறவனுக்கு வசதி. சொத்தைப் பிரித்து வாங்கி அழித்துவிட்டு, பன்றி தின்கிறதைத் தின்ன ஆசைப்பட்ட மகனை எடுத்துக்கொள்ளுங்கள். மூலத்தில் அது ஒரு மரத்தின் நெற்று. நம் பழைய மொழிபெயர்ப்பில் 'தவிடு' என்று போட்டிருக்கிறார்கள். யார் அந்தச் சொல்லைப் போட்டார்களோ அவர்களுக்குக் கதை சொல்லத் தெரிந்திருக்கிறது என்பது என் எண்ணம், தவிட்டுத் தொட்டியைப் பார்த்தவனுக்கு அதன் வாசனையே வந்துவிடும்.

அப்புறம், கதையை முடித்துவிட்டு 'இதிலிருந்து நாம் கற்றுக்கொள்வது என்னவென்றால்' என்று தொடங்காதீர்கள். இதைச் சொன்னால் மட்டும் தம்பிமார் பயப்படுகிறார்கள். சொல்லாவிட்டால் புரியாமல் போய்விட்டால் என்ன செய்வது ஐயா என்கிறார்கள். பதநீர் இறக்கிக் கருப்பட்டி காய்ச்சி, நாலு பிள்ளைகளைக் கட்டிக்கொடுத்த மனுஷனுக்கு ஒரு அப்பனும் மகனும் கதை புரியாதா?

திருகாணித் தம்பி மறுபடியும் வந்தான், அறுப்பின் பண்டிகைக்கு முந்தின வாரம். இந்த முறை இரண்டு குமாரரின் கதை. தலைப்பு கிடையாது. சின்னவன் நடந்து வருகிறான், தூரத்தில் வரும்போதே தகப்பன் கண்டுவிடுகிறார், வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடுகிறார், ஊரே பார்க்கிறது. வயசானவர் ஓடினால் நம் ஊரில் என்ன சொல்வார்கள் என்று மட்டும் கேட்டுவிட்டு நிறுத்தினான், பெண்கள் பக்கம் சிரிப்பு. அப்புறம் மூத்தவன் வயலிலிருந்து வருகிறான், கொட்டுச் சத்தம் கேட்கிறது, விஷயம் தெரிகிறது, உள்ளே வரமாட்டேன் என்று வாசலிலேயே நிற்கிறான். எனக்கு ஒரு ஆட்டுக்குட்டியாவது தந்தீரா என்கிறான். தகப்பன் வெளியே வந்து வருந்தி அழைக்கிறார். அவ்வளவுதான், லூக்கா அங்கே நிறுத்துகிறார், தம்பியும் நிறுத்திவிட்டு ஜெபத்துக்குத் தலை குனிந்தான். பாட்டி விழித்திருந்தார்கள்.

வெளியே செருப்புப் போடுகிற இடத்தில் ஒரு பெரியவர் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டார். பக்கத்து வயல் அவருடைய கூடப்பிறந்த தம்பிக்கு, வரப்புத் தகராறில் பல வருடமாகப் பேச்சு இல்லை, இது எனக்குத் தெரியும், வந்த பையனுக்குத் தெரியாது.

"ஏ தம்பி, அந்த மூத்தவன் பெறவு உள்ள போனானா, இல்லியா?"

பையன் திருதிருவென்று என்னைப் பார்த்தான். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

"நானா இருந்தா போயிருக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு, செருப்பைப் போடாமல், அவர் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.