ஹாரட்ஸ்: மாடிக்குப் போன வழி

சித்தி லண்டன் வந்திருந்தபோது ஹாரட்ஸ் என்கிற பிரபலமான பெரிய கடையை ஒருமுறை பார்த்தே ஆகவேண்டும் என்றார். நைட்ஸ்பிரிட்ஜ் ஸ்டேஷனில் இறங்கி, பிராம்ப்டன் ரோட்டு வாசல் வழியாக நுழைந்தோம். உணவுக்கூடத்துச் சுவர்களில் வேட்டைக் காட்சிகள் பதித்த நூறு வருடத்துக்கும் மேலான டைல்ஸ். இறைச்சியும் மீனும் விற்கிற இடத்துக்கு இவ்வளவு அலங்காரமா என்று அண்ணாந்து பார்த்தபடியே நின்றார் சித்தி. கடைசியில் ஒரு சின்ன டீ டப்பா வாங்கினார், அந்தப் பச்சைப் பைக்காகவே. "கசக்காம மடிச்சு வை" என்று ரயிலில் இரண்டு தடவை சொன்னார்.

டீ வாங்கியது பொருத்தம்தான். கிழக்கு லண்டனில் மளிகை மொத்த வியாபாரம் செய்த சார்லஸ் ஹென்றி ஹாரட்டுக்கு டீயில் தனி ஈடுபாடு. அவர் 1849ல் இந்த இடத்தில் எடுத்தது ஒரு சின்னக் கடை. மகன் காலத்தில் கடை வளர்ந்தது. 1883 டிசம்பரில் தீப்பிடித்து மொத்தமும் சாம்பல். அப்படியிருந்தும் அந்தக் கிறிஸ்துமஸுக்கு வந்த ஆர்டர்கள் அத்தனையையும் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். இன்றைய கட்டடம் அதற்கு அப்புறம் எழுந்தது.

எனக்கு ரொம்பப் பிடித்த கதை 1898 நவம்பரில் நடந்தது. இங்கிலாந்தின் முதல் நகரும் படிக்கட்டை அங்கே போட்டார்கள். படிக்கட்டு என்று பேர்தான். தோலைப் பின்னிச் செய்த ஒரு நீளப் பட்டை, அதில் நின்றால் மேலே இழுத்துக்கொண்டு போகும். மாடியை அடைந்த வாடிக்கையாளர்களுக்குப் பயம் தெளிவதற்காக பிராந்தி கொடுத்தார்களாம். வாடிக்கையாளரின் நெஞ்சு படபடப்பதைக்கூட யோசித்த கடை.

நான் ஆறு வருடம் வேறொரு கடையில் துணி விற்றவள். எட்டு மணி நேரம் நின்றால் குதிகால் எப்படிக் கடுக்கும் என்று தெரியும். "உன்னை மேலே கூப்பிடுகிறார்கள்" என்று யாராவது வந்து சொன்னால் வயிறு எப்படிக் கலங்கும் என்றும் தெரியும். அதனால்தான் 2024 செப்டம்பரில் ஹாரட்ஸின் பழைய முதலாளியைப் பற்றி பிபிசி வெளியிட்ட ஆவணப்படத்தைப் பார்த்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

1985ல் எகிப்தில் பிறந்த தொழிலதிபர் முகமது அல் ஃபாயத் தன் சகோதரர்களோடு சேர்ந்து 61.5 கோடி பவுண்டுக்கு ஹாரட்ஸின் தாய் நிறுவனத்தை வாங்கினார். தங்கள் பின்னணி, செல்வம் பற்றி அவர்கள் பொய் சொன்னதாக 1990ல் வெளியான அரசு விசாரணை அறிக்கை சொன்னது. அப்போதும் கடை அவர்கள் கையிலேயே இருந்தது. 2010ல் அல் ஃபாயத் அதைக் கத்தாருக்கு விற்றார். 2023ல் இறந்துபோனார். அதற்கு அடுத்த ஆண்டுதான் அங்கே வேலை பார்த்த இருபதுக்கும் மேற்பட்ட பெண்கள் பிபிசியிடம் பேசினார்கள். ஐந்து பேர் அவர் தங்களைப் பாலியல் வன்புணர்வு செய்ததாகச் சொன்னார்கள். அவர் தளம் தளமாகச் சுற்றி வருவார், கண்ணில் பட்ட இளம்பெண்களுக்குப் பதவி உயர்வு என்ற பேரில் மாடி அலுவலகத்தில் வேலை தரப்படும் என்றார்கள்.

பதவி உயர்வு! வீட்டுக்குப் போன் செய்து அம்மாவிடம் சந்தோஷமாகச் சொல்லியிருப்பார்கள் அந்தப் பெண்கள். என்னால் அதைத் தாண்டி யோசிக்க முடியவில்லை.

யாருக்கும் தெரியாது என்று சொல்லவும் முடியாது. 1995லேயே ஒரு பத்திரிகை எழுதியது. அவர் வழக்குப் போட்டார். 2009லும் 2015லும் போலீஸ் அனுப்பிய கோப்புகளைப் பார்த்த அரசு வழக்கறிஞர்கள், தண்டனை கிடைக்கும் வாய்ப்பு இல்லை என்று வழக்குத் தொடரவில்லை. உயிரோடு இருந்தவரை அவர் எல்லாவற்றையும் மறுத்தார்.

ஹாரட்ஸ் இப்போது மன்னிப்புக் கேட்டிருக்கிறது. 2025 மார்ச்சில் இழப்பீட்டுத் திட்டமும் தொடங்கியது. சரி, பணம் கொடுக்கட்டும், கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் ஒரு ஆள் தனியாக இவ்வளவையும் செய்திருக்க முடியாது என்று கடையில் வேலை பார்த்த எவருக்கும் தெரியும். அவருக்கு உதவியதாகச் சந்தேகிக்கப்படும் ஐந்துக்கும் மேற்பட்டோரை விசாரிப்பதாக லண்டன் போலீஸ் 2024 நவம்பரில் சொன்னது. அதைப் பற்றி வருகிற ஒவ்வொரு செய்தியையும் தேடிப் படித்துக்கொண்டிருக்கிறேன்.