குரூப் 4: எல்லாரும் படிக்கிற புத்தகத்தையே படித்து முன்னால் வருவது

டிஎன்பிஎஸ்சி (தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம்) நடத்தும் குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிற தம்பி, தங்கைகள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "வேற என்ன புக் படிச்சீங்க?" என்பதுதான். கூட்டத்திலிருந்து தனியாகத் தெரிய வேண்டுமானால், கூட்டத்தின் கையில் இல்லாத எதையோ படித்திருக்க வேண்டும் என்ற நினைப்பு. நான் படித்தது ஆறாம் வகுப்பிலிருந்து பத்து வரையிலான பள்ளிப் புத்தகங்கள், பதினொன்று, பன்னிரண்டில் கொஞ்சம், பழைய வினாத்தாள்கள். நூலகத்தில் என் பக்கத்து மேசைக்காரரும் அதையேதான் வைத்திருந்தார்.

2024 ஜூன் 9-ல் நடந்த தேர்வை எடுத்துக்கொள்ளுங்கள். அறிவிக்கையில் 6,244 பணியிடங்கள். எழுதியவர்கள் ஏறக்குறைய 16 லட்சம் பேர். கேள்விகள் 200, ஒன்றுக்கு ஒன்றரை மதிப்பெண், ஆக 300. எத்தனை சரி என்பது 0 முதல் 200 வரை ஏதோ ஒன்றாகத்தான் இருக்க முடியும். இத்தனை பேரை அந்த 201 படிகளில் நிறுத்தினால், சராசரியாகப் படிக்கு எட்டாயிரம் பேர். மேலே போகப் போகக் கூட்டம் மெலியும் என்றாலும் கட் ஆஃப், அதாவது வேலை கிடைக்கும் கடைசி மதிப்பெண், விழும் இடத்தில் நெரிசல்தான். அங்கே ஒரு கேள்வி கூடினால் எத்தனை பேரைத் தாண்டுவீர்கள், ஒன்று குறைந்தால் எத்தனை பேர் உங்களைத் தாண்டுவார்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த ஒரு கேள்வி பெரும்பாலும் கடினமான கேள்வியாக இருப்பதில்லை. யாரும் கேள்விப்படாத ஒன்றைக் கேட்டால் எல்லாருக்கும் போகும், அதனால் யாருடைய ரேங்கும் அசையாது. ஆளைப் பிரிப்பது, வெளியே வந்து "தெரிஞ்சதுதாங்க, மாத்திப் போட்டுட்டேன்" என்கிறோமே, அந்தக் கேள்விகள். இவை நான்கைந்து சேர்ந்தால் வேலை போய்விடும். இதை 'சில்லி மிஸ்டேக்' என்று செல்லமாகச் சொல்லி ஒதுக்குவது எனக்குப் பிடிக்காது. முக்கால்வாசி நேரம் அது அரைகுறையாகப் படித்ததற்கு வைத்த நல்ல பெயர்.

தமிழ்ப் பகுதியில் ஒன்றைக் காட்டுகிறேன். பழைய நூல்களின் உட்பிரிவுக்கு இலம்பகம், சருக்கம், காதை, படலம் என்று நூலுக்கு நூல் வேறு பெயர். சீவக சிந்தாமணி 13 இலம்பகம். பெரிய புராணம் 2 காண்டம், 13 சருக்கம். சிலப்பதிகாரத்தில் மதுரைக் காண்டத்துக்கு மட்டும் 13 காதை. புகாரில் 10, வஞ்சியில் 7, மொத்தம் 30. மணிமேகலைக்கும் 30 காதைதான், ஆனால் காண்டப் பிரிவு கிடையாது. திருவிளையாடற் புராணத்துக்கு 3 காண்டம், 64 படலம். அதன் முதல் காண்டத்தின் பெயரும் மதுரைக் காண்டம்! தேம்பாவணிக்கும் 3 காண்டம், 36 படலம். சீறாப்புராணத்துக்கும் 3 காண்டம், ஆனால் 92 படலம்.

இவற்றை ஒவ்வொரு வகுப்புப் புத்தகத்திலும் தனித்தனியே படிக்கும்போது எல்லாம் மனதில் நின்றுவிட்டதாகவே தோன்றும். கேள்வித்தாளில் நாலும் பக்கத்தில் பக்கத்தில் வந்து உட்காரும்போதுதான் பதிமூன்றும் முப்பதும் ஒன்றோடு ஒன்று மோதும். அதனால் ஒரு பெரிய வெள்ளைத் தாளில் நூல், பெரும்பிரிவு, உட்பிரிவின் பெயர், எண்ணிக்கை என்று கட்டம் போட்டு எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதுங்கள். குழப்பும் இடத்தில் மட்டும் சிவப்பு மை. இதை யாராவது போட்ட பிடிஎஃப்-ஆக டெலிகிராமில் வாங்கி வைத்துக்கொள்வதில் பிரயோஜனம் இல்லை. எது உங்களைக் குழப்புகிறது என்பது அவருக்குத் தெரியாது.

இலக்கணமும் அப்படித்தான். 'வாடாத மலர்' எதிர்மறைப் பெயரெச்சம், 'வாடா மலர்' ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். இரண்டும் விடைகளில் இருக்கும். முதல் விடையைப் பார்த்ததும் கை துறுதுறுவென்று வட்டத்தை நிரப்பப் போகும். நாலையும் வாசித்த பிறகே பேனா இறங்கட்டும்.

தமிழ்ப் பகுதியில் 100 கேள்வி, 150 மதிப்பெண். அதில் 60 எடுக்காவிட்டால் மற்ற பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். ஆனால் போட்டியில் நிற்பவருக்கு 60 ஒரு கணக்கே இல்லை. 95 கேள்விக்கு மேல் சரியாக வரும்வரை தமிழை விடாதீர்கள். எந்த அலகிலிருந்து எத்தனை கேள்வி என்பது மாறக்கூடும், ஆணையத்தின் தளத்தில் உள்ள இப்போதைய பாடத்திட்டத்தைப் பார்த்தே நேரத்தைப் பிரியுங்கள்.

கணக்கு 25 கேள்வி. இங்கே ஷார்ட்கட் மோகம் அதிகம். 5,000 ரூபாய்க்கு 8 சதவீதத்தில் 2 ஆண்டுக்குக் கூட்டுவட்டிக்கும் தனிவட்டிக்கும் வித்தியாசம் 32 ரூபாய் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்கள். அதே தொகை, அதே வீதம், 1 ஆண்டு, அரையாண்டுக்கு ஒருமுறை வட்டி சேர்கிறது என்று கேளுங்கள். அரையாண்டுக்கு 4 சதவீதம்தான், இரண்டு தவணை. விடை 8 ரூபாய். அவசரக்காரருக்காக 32-ம் விடைகளில் காத்திருக்கும். சூத்திரம் எங்கிருந்து வந்தது என்று ஒருமுறை போட்டுப் பார்த்தவருக்கு இரண்டும் ஒரே கணக்கு. இந்த 25-ஐயும் முழுசாக எடுப்பதையே இலக்காக வையுங்கள், அது எட்டாத காரியம் இல்லை.

பொது அறிவு 75-ல் அந்த உறுதியை நான் தரமாட்டேன். அரசியலமைப்பு, வரலாறு, அறிவியலைப் பள்ளிப் புத்தக அளவில் கெட்டியாக்குங்கள். நடப்பு நிகழ்வுகளுக்கு நாளில் அரைமணி போதும். மாதம் ஆயிரம் கேள்வி கொண்ட தொகுப்புகளை மூன்று நான்கு இடத்தில் வாங்கிக் குவிப்பது மனத்திருப்திக்கு மட்டுமே.

பழைய வினாத்தாளை எல்லாரும் போடுகிறார்கள். விடையைச் சரிபார்த்ததும் மூடிவிடுகிறார்கள். மிச்ச மூன்று விடைகளையும் எடுங்கள். அரசியலமைப்பின் 73-வது திருத்தம் எதைப் பற்றியது என்று கேட்டிருந்தால், விடை பஞ்சாயத்து ராஜ். பக்கத்தில் நகராட்சி என்று போட்டிருப்பார்களே, அது 74. அப்படியே 73-க்கு 11-வது அட்டவணை, 29 துறைகள். 74-க்கு 12-வது அட்டவணை, 18 துறைகள் என்று போய்விடலாம். ஒரு கேள்வியில் நாலு கேள்வி படித்தாயிற்று. அடுத்த முறை அந்த மூன்றில் ஒன்றுதான் கேள்வியாக வரும் என்பது என் அனுபவம்.

டெஸ்ட் எழுதினால் தவறுக்கென்று தனி நோட்டு வையுங்கள். அதில் சரியான விடையை மட்டும் எழுதினால் போதாது. தவறான விடை ஏன் சரி போலத் தோன்றியது என்று ஒரு வரி வேண்டும்: 'படலத்தையும் சருக்கத்தையும் குழப்பினேன்', 'அல்லாதது என்பதைக் கவனிக்கவில்லை' என்று. கடைசி வாரத்தில் படிக்க அந்த நோட்டைவிட நல்ல மெட்டீரியல் எந்த சென்டரிலும் கிடைக்காது.

தேர்வறையில் ஒன்று. விடைத்தாளில் நாலு விடைகளுக்கு அடுத்து இருக்கும் ஐந்தாவது வட்டம் 'விடை தெரியவில்லை' என்பதற்கானது. தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு இல்லாதபோது அதை நிரப்புவது சும்மா விட்டுக்கொடுப்பது. இரண்டு விடைகளைக் கழித்துவிட்டு மிச்சத்தில் ஒன்றைப் போடுங்கள். போட்ட பிறகு அதைப் பற்றி மறுபடி யோசிக்காதீர்கள். வட்டம் நிரப்பும் அந்த ஓஎம்ஆர் தாளில் அழித்து எழுத வழியில்லை.