மினிடிவி டேப் வீடியோவைக் கணினியில் இறக்கியபோது எங்கெல்லாம் மாட்டியது

மினிடிவி (MiniDV, பழைய கேம்கார்டர்களின் சின்ன டிஜிட்டல் கேசட்) டேப்பில் கிடக்கும் வீடியோவை எடிட் செய்யலாம் என்று உட்கார்ந்தால், எடிட்டிங்கைத் தொடுவதற்குள் பாதித் தெம்பு போய்விடுகிறது. டேப், கேம்கார்டர், கேபிள், போர்ட், டிரைவர், மென்பொருள், ஹார்ட் டிஸ்க் என்று வரிசையாக இத்தனை பேரைத் தாண்டி வர வேண்டும். இதில் யார் மக்கர் செய்தாலும் திரையில் வருவது பெரும்பாலும் ஒரே செய்திதான்: கேமரா கிடைக்கவில்லை. எங்கள் வீட்டு டேப்களை எல்லாம் நான் கரையேற்றியது, கோளாறு எந்தக் கண்ணியில் என்று ஒவ்வொன்றாகத் தனிப்படுத்திப் பார்த்துத்தான்.

அதற்கு முன் ஒன்று. சோதனைக்கு முக்கியமான டேப்பைப் போடவே போடாதீர்கள். பல வருடம் ஓடாமல் கிடந்த கேம்கார்டர் நாடாவை இழுத்துச் சிக்க வைத்தால் போனது போனதுதான். வேண்டாத ஒரு டேப்பை உள்ளே போட்டு, முன்னும் பின்னும் முழுக்க ஓட்டி, நாடா கசங்காமல் வருகிறதா என்று பார்த்துக்கொண்டேன். கேபிளும் டிரைவரும் மென்பொருளும் ஒத்துவரும் வரைக்கும் எல்லாச் சோதனையும் அந்த ஒரே டேப்பில்தான்.

தொலைக்காட்சியில் சொருகும் மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஒயரை (ஏவி ஒயர்) வைத்துக் கேப்சர் செய்தால், அதாவது டேப்பை ஓட்டிக் கணினியில் கோப்பாக எழுதினால், போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. படம் வரும், மறுக்கவில்லை. ஆனால் மினிடிவி டேப்பில் இருப்பது ஏற்கெனவே டிஜிட்டல் தகவல். ஃபயர்வயர் என்ற டிஜிட்டல் இணைப்பு வழியாக எடுத்தால் டேப்பில் உள்ள தகவல் அப்படியே கோப்பாக இறங்கிவிடும். ஏவி ஒயரில் எடுத்தால் கேம்கார்டர் அதை அனலாக் ஆக்கி வெளியே அனுப்பும். கணினி மறுபடி டிஜிட்டல் ஆக்கும். இரண்டு தடவை மாற்றியதில் நிறமும் கூர்மையும் குறையும், பதிந்த தேதியும் நேரமும் மொத்தமாகத் தொலைந்துவிடும். வேறு வழியே இல்லாதபோது ஏவி ஒயரை எடுத்தால் போதும் என்பது என் முடிவு.

பலரும் முதலில் மாட்டிக்கொள்ளும் இடம் யுஎஸ்பி. கேம்கார்டரில் யுஎஸ்பி துளை இருக்கிறது, கேபிளும் பெட்டியிலேயே இருக்கிறது, சொருகினால் கணினி டிங் என்று குரலும் கொடுக்கிறது. உள்ளே போய்ப் பார்த்தால் மெமரி கார்டில் உள்ள போட்டோக்கள் மட்டும் இருக்கும். பெரும்பாலான மினிடிவி மாடல்களில் யுஎஸ்பி இருப்பது போட்டோ எடுக்கவும், தரம் குறைந்த வெப்கேம் படம் அனுப்பவும்தான். டேப்பில் உள்ள முழுத் தர வீடியோ வருவது பக்கத்தில் டிவி (DV) என்றோ ஐ.லிங்க் என்றோ எழுதிய இன்னொரு சின்னத் துளை வழியாக. அதுதான் ஃபயர்வயர், ஐஇஇஇ 1394 என்பதும் அதுவே. ரப்பர் மூடிக்குள் ஒளிந்திருக்கும், தேடித்தான் பார்க்க வேண்டும்.

கேம்கார்டர் பக்கம் 4 பின், கணினி பக்கம் பொதுவாக 6 பின். 6 பின் முனையில் தகவலோடு மின்சாரமும் ஓடுகிறது. துளை லேசாகத் தளர்ந்திருந்து தலைகீழாக நுழைந்துவிட்டால் போர்ட் கருகிவிடும். அதனால் கேம்கார்டரையும் கணினியையும் அணைத்துவிட்டு, முனையின் வடிவத்தைக் கண்ணால் பார்த்து, அழுத்தம் கொடுக்காமல் சொருகுவதைப் பழக்கமாக்கிக்கொண்டேன். கேபிள் நீளமும் 4.5 மீட்டருக்குள் இருப்பது நல்லது.

இப்போதைய கணினிகளில் ஃபயர்வயர் துளையே கிடையாது. ஒரு முனையில் ஃபயர்வயர், மறு முனையில் யுஎஸ்பி என்று ஒரு கேபிள் மலிவாகக் கிடைக்கும். அதை வாங்காதீர்கள். இரண்டும் பேசும் மொழியே வேறு. நடுவில் மொழிபெயர்க்க ஒரு சிப் கூட இல்லாமல் ஒயரை ஒயரோடு ஒட்டிவிட்டால் எதுவும் நடக்காது. டெஸ்க்டாப்பில் பிசிஐ எக்ஸ்பிரஸ் ஃபயர்வயர் கார்டு போடுவதுதான் உருப்படியான வழி. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் சிப் உள்ள கார்டாகப் பார்த்து எடுத்தேன், அது கடைசி வரை தொல்லை தரவில்லை. ஃபயர்வயர் துளையோடு வந்த பழைய லேப்டாப் ஒன்று யாரிடமாவது சும்மா கிடந்தால் அது இன்னும் சுலபம்.

அப்புறம் டிரைவர், அதாவது கார்டைக் கணினிக்குப் புரியவைக்கும் மென்பொருள். கார்டு உட்கார்ந்துவிட்டது, விண்டோஸின் வன்பொருள் பட்டியலான டிவைஸ் மேனேஜரிலும் தெரிகிறது, ஆனால் கேமரா வந்து வந்து மறைகிறது. இதற்குப் பல நேரம் மருந்து பழைய லெகசி டிரைவர்தான். விண்டோஸ் 7-இல் அது கூடவே இருந்தது. விண்டோஸ் 8-இலிருந்து தனியாக இறக்கி நிறுவ வேண்டும். நிறுவினால் மட்டும் போதாது. டிவைஸ் மேனேஜரில் 1394 கன்ட்ரோலரைத் திறந்து, டிரைவர் பட்டியலை நாமே பார்த்து, லெகசி என்று முடியும் வரியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இந்தக் கடைசிப் படியைச் செய்தபிறகுதான் என் கணினியில் கேமரா நிலையாக நின்றது.

கேமராவின் சுவிட்சையும் பாருங்கள். பதிவு செய்யும் மோடில் இருந்தால் லென்ஸ் பார்ப்பதைத்தான் கணினிக்கு அனுப்பும். டேப்பை அனுப்ப விசிஆர் அல்லது பிளே மோடுக்கு மாற்ற வேண்டும். பழைய பேட்டரியை நம்பாமல் அடாப்டரிலேயே ஓட்டுங்கள். நடுவில் அணைந்தால் டேப்பை மறுபடி பின்னுக்கு ஓட்டத்தான் வேண்டியிருக்கும், அது நாடாவுக்கு நல்லதல்ல.

கேப்சருக்கு விண்டோஸில் வின்டிவி என்ற குட்டி மென்பொருள், லினக்ஸில் டிவிகிராப். இரண்டும் இலவசம், டேப்பில் உள்ளதை மாற்றாமல் எழுதுபவை. பதிந்த நேரத்தில் இடைவெளி வந்தால் கோப்பைத் தானே பிரித்து, தேதியையும் நேரத்தையும் பெயரில் போட்டுவிடும். எடிட்டிங்கில் உட்காரும்போது இதன் அருமை தெரியும்: ஒரு மணி நேர மொத்தைக்குப் பதில், எந்த நாள் எந்த நேரம் என்று தனித்தனியாகக் கையில் கிடைக்கும்.

டேப்பில் உள்ள டிவி (DV) வடிவ வீடியோ நொடிக்கு ஏறத்தாழ 3.6 எம்பி, மணிக்குச் சுமார் 13 ஜிபி. இன்றைய டிஸ்க்குக்கு இது ஒரு பாரமே இல்லை. ஆனாலும் நடுநடுவே ஃபிரேம் (வீடியோவின் ஒரு தனிப் படம்) விடுபட்டது. கணினி தூங்கப் போவதை நிறுத்தி, முன்னோட்டச் சன்னலை மூடி, கோப்பை வெளி டிஸ்க்குக்குப் பதில் உள் டிஸ்க்கில் எழுத வைத்ததும் விடுபட்ட ஃபிரேம்களின் எண்ணிக்கை பூஜ்யத்திலேயே நின்றது. கோப்பு 20 நிமிடத்துக்குள் தானாக நின்றுபோனால் டிஸ்க் எஃப்ஏடி32 வடிவில் இருக்கிறதா பாருங்கள். அதில் ஒரு கோப்பு 4 ஜிபிக்கு மேல் போகாது.

இனி டேப்பின் பக்கம். படத்தில் சதுரம் சதுரமாக மொசைக் விழுந்தால் உடனே டேப் போச்சு என்று முடிவு கட்டாதீர்கள். கேம்கார்டரின் சுழலும் டிரம்மில் நாடாவைப் படிக்கும் இரண்டு ஹெட்கள், நிமிடத்துக்கு 9000 சுற்று. ஒவ்வொரு தடமும் படத்தில் ஒரு கிடைமட்டப் பட்டையைத் தாங்குகிறது, இரண்டு ஹெட்டும் மாறி மாறிப் படிக்கின்றன. ஒரு ஹெட்டில் அழுக்கு அடைத்தால் ஒரு பட்டை சரியாகவும் அடுத்த பட்டை உடைந்தும் வரும். பாட்டியின் முகத்தில் நெற்றி தெளிவு, கண் இருக்கும் இடம் கட்டம் கட்டமாக, மூக்கு மறுபடி தெளிவு. இந்த வரிவரியான அடையாளத்தைப் பார்த்ததும் உலர் கிளீனிங் கேசட்டைப் போட்டுச் சில நொடிகள் மட்டும் ஓட்டினேன். பெட்டியில் போட்டிருக்கும் நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது, அது ஹெட்டையே தேய்க்கும். பட்டைகள் போய்விட்டன. மொசைக் எப்போதும் டேப்பின் ஒரே இடத்தில் மட்டும் வந்தால்தான் நாடாவில் பழுது.

எல்பியில் (LP, அதிக நேரம் பிடிக்கும் பதிவு முறை) பதிந்த டேப்கள் தனி ரகம். வழக்கமான எஸ்பியில் (SP) ஒரு தடத்தின் அகலம் 10 மைக்ரான், எல்பியில் சுமார் 6.7 மைக்ரான். 60 நிமிட டேப்பில் 90 நிமிடம் பிடிப்பது இப்படித் தடத்தை ஒடுக்கித்தான். அவ்வளவு ஒடுங்கிய தடத்தை, பதிந்த கேம்கார்டர்தான் ஒழுங்காகப் படிக்கும். வேறொன்றில் போட்டால் படமும் ஒலியும் திக்கித் திக்கி வரலாம். உறவினர் எடுத்த ஒரு டேப் என்னிடம் அப்படித்தான் அடம்பிடித்தது. அவருடைய பழைய கேம்கார்டரையே பரணிலிருந்து இறக்கி வாங்கி வந்து ஓட்டினேன், சுத்தமாக வந்தது. அதனால் டேப் இருக்கும் வரை, அதை எடுத்த கேம்கார்டரைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

கேப்சர் பாதியில் நின்றுவிடுவதற்கு இன்னொரு காரணம், நாடாவில் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் பதியும் ஓட்ட எண்ணான டைம்கோட் அறுந்துபோவது. எடுத்ததைப் போட்டுப் பார்த்துவிட்டு, கொஞ்சம் வெற்று நாடாவை விட்டு அடுத்ததைப் பதிந்திருந்தால், எண் அங்கே பூஜ்யத்திலிருந்து மறுபடி தொடங்கும். எடிட்டிங் மென்பொருளுக்குள்ளேயே கேப்சர் செய்தால் அது அங்கே குழம்பி நிற்கும். வின்டிவி போன்றவை டைம்கோடைக் கண்டுகொள்ளாமல் வருவதை எழுதிக்கொண்டே போகும்.

ஒலி மெல்ல மெல்ல உதட்டசைவை விட்டு விலகினால், டேப்பில் 12 பிட் 32 கிலோஹெர்ட்ஸ், 16 பிட் 48 கிலோஹெர்ட்ஸ் என்ற இரண்டு ஒலிப்பதிவு வடிவங்களும் கலந்திருக்கிறதா என்று சோதியுங்கள். கோப்பின் தலைப்பில் முதல் ஃபிரேமின் ஒலிப்பதிவு வடிவம்தான் பதிவாகும். மாறும் இடத்தில் கோப்பை வெட்டி இரண்டாக எடுத்தால் தீர்ந்தது.

எடிட்டிங்கில் புராஜெக்ட் தொடங்கும்போது, பால் (PAL) வீடியோ முறையில் பதிந்த டேப் என்றால் 720x576, நொடிக்கு 25 ஃபிரேம். என்டிஎஸ்சி (NTSC) முறை என்றால் 720x480, 29.97. டிவி (DV) வீடியோவில் ஒவ்வொரு ஃபிரேமும் ஒன்றுவிட்ட வரிகளால் ஆன இரண்டு ஃபீல்டுகள்; அதில் கீழ் ஃபீல்டு முதலில் வரும். அதை மேல் ஃபீல்டு என்று கொடுத்துவிட்டால் ஓடும் குழந்தை முன்னும் பின்னும் நடுங்கும். இரண்டு ஃபீல்டுகளையும் முழுப் படமாக்கும் டீஇன்டர்லேஸை வெட்டி ஒட்டி முடித்த பிரதியில் மட்டும் செய்யுங்கள். டேப்பிலிருந்து இறங்கிய ஏவிஐ கோப்புகளைச் சுருக்காமல் அப்படியே இரண்டு வேறு டிஸ்க்குகளில் வைத்திருக்கிறேன். டேப்களை நிமிர்த்தி அடுக்கி உலர்ந்த இடத்தில் வைத்தாயிற்று.