சென்னையில் சோலார் வெந்நீர்: வெயில் கவலையில்லை, பைப்தான் கவலை

"மெட்ராஸ்ல போய் வெந்நீருக்கு சோலாரா?" என்று எதிர்வீட்டு அங்கிள் சிரித்தார். சிரித்ததில் நியாயம் இருக்கிறது. மே மாதம் மத்தியானம் எங்கள் மடிப்பாக்கம் வீட்டுக் குழாயைத் திறந்தால் முதல் வாளித் தண்ணீரில் கை வைக்க முடியாது. மொட்டை மாடி வெயிலில் காயும் கறுப்பு டேங்கும் பைப்புமே ஓசி ஹீட்டர்தான். ஆனால் அந்த வெந்நீர் யாருக்கும் வேண்டாத நேரத்தில் வருகிறது. என் மாமியார் குளிப்பது காலை ஐந்தரைக்கு. மார்கழியில் அந்த நேரத்து டேங்க் தண்ணீர் அவர் முட்டிவலிக்கு ஆகாது.

கீசர் இருந்தது. எங்களுடையது போர் தண்ணீர். இரண்டு வருஷத்தில் இரண்டு தடவை காயில் போயிற்று. இரண்டாவது தடவை மெக்கானிக் கழற்றிக் காட்டியபோது காயிலையே காணவில்லை, சுண்ணாம்புக் குச்சி மாதிரி ஒன்றுதான் இருந்தது. அன்றைக்குத்தான் சோலார் பற்றி விசாரிக்க ஆரம்பித்தேன்.

முதலில் வந்தவர் நான்கு பேருக்கு 300 லிட்டர் வேண்டும் என்றார். அப்படியா என்று கேட்டுக்கொண்டேன். வீட்டில் மகனை உட்காரவைத்துக் கணக்குப் போட்டோம். 65 டிகிரி வெந்நீரை 27 டிகிரி பச்சைத் தண்ணீரில் விளாவி 40 டிகிரிக்குக் கொண்டுவர, 20 லிட்டர் வாளிக்கு 7 லிட்டர் வெந்நீர் போதும். அப்படிப் பார்த்தால் 100 லிட்டரில் பதினான்கு வாளி. நாங்கள் நான்கு பேரும் இரண்டு வேளை குளித்தாலும் மிஞ்சும். 100 லிட்டரே எடுத்தோம்.

அடுத்தது, எந்த வகை. தட்டையான பெட்டிக்குள் மெல்லிய செம்புக் குழாய்கள் ஓடுவது ஒன்று, கண்ணாடி டியூப் வைத்தது இன்னொன்று. தண்ணீர் சுட்டால் கரைந்திருக்கும் சுண்ணாம்பு பிரிந்து படியும். செம்புக் குழாய் குறுகல், எங்கள் தண்ணீருக்குச் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். டியூப் அகலம், உப்பு அடியில் போய்த் தங்கும், வருஷம் ஒருமுறை கழற்றி அலம்பிவிடலாம். அதனால் டியூப்தான் என்று முடிவாயிற்று.

டியூப் என்பது இரட்டைக் கண்ணாடி, நடுவில் வெற்றிடம், ஃபிளாஸ்க் போலத்தான். நல்ல டியூப் கொளுத்தும் வெயிலில் நின்றாலும் வெளியே தொட்டால் சுடாது, உள்ளே தண்ணீர் கொதிக்கும். அடிமுனையில் வெள்ளி பூசியது போலப் பளபளப்பு இருக்கும். காற்று புகுந்துவிட்டால் அது சுண்ணாம்பு நிறமாக வெளுத்துப்போகும். வந்த பத்தில் ஒன்று வெளுத்திருந்தது. கையோடு திருப்பி அனுப்பினேன். இதைத் தெரிந்துவைத்துக்கொண்டதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட.

இடம் பார்க்கும்போது ஒரு தப்பு நடக்க இருந்தது. டியூப்கள் தெற்குப் பார்த்துச் சாய்ந்திருக்க வேண்டும். தென்புறம் பக்கத்து வீட்டு மாடிப்படி ரூம் உயரமாக நிற்கிறது. நாங்கள் பார்த்தது செப்டம்பரில், நிழல் எங்கள் மாடிக்கு எட்டவே இல்லை. மே மாதமாக இருந்தால் உச்சி வெயில் நமக்குக் கொஞ்சம் வடக்கே கூடச் சாய்ந்திருக்கும், சந்தேகமே வந்திருக்காது. ஆனால் வெந்நீர் வேண்டியது டிசம்பரில், அப்போது சூரியன் தெற்கே தாழ்ந்துதான் போகும். "மார்கழில அந்த மூலையில வடாம்கூடக் காயாதுடி" என்று அத்தை சொன்னதும்தான் உறைத்தது. ஸ்டாண்டை மேற்கு ஓரத்துக்கு மாற்றினோம்.

பிறகு டேங்க் விவகாரம். இதில் மோட்டார் எதுவும் கிடையாது. சூடான தண்ணீர் லேசாகி மேலே ஏறும், குளிர்ந்தது கீழே இறங்கும், பகல் முழுக்க இந்தச் சுற்றுதான். ஆனால் பச்சைத் தண்ணீர் டேங்க், டியூப்களின் மேல்முனையில் வெந்நீர் சேரும் சோலார் டேங்கைவிட உயரத்தில் இருந்தால்தான் உள்ளே தண்ணீரே போகும். எங்களுடையது மாடித் தரையில் நான்கு வரிசைச் செங்கல்மேல் உட்கார்ந்திருந்தது. அதை மாடிப்படி ரூம் மேல் ஏற்ற வேண்டியதாயிற்று. ஆயிரம் லிட்டர் என்றால் ஒரு டன் பாரம். மேஸ்திரி வந்து பீம் ஓடும் இடத்தைப் பார்த்துத்தான் வைக்கச் சொன்னார். ஸ்டாண்டுக்காகத் தட்டோட்டில் துளை போடவும் அவர் விடவில்லை. சின்னச் சின்ன கான்கிரீட் மேடை கட்டி அதில் போல்ட் பதித்தார். 2016 வர்தா புயலில் தெருவில் தகர ஷீட் பறந்ததைப் பார்த்தவர்கள் நாங்கள், அதனால் அந்தச் செலவில் கை வைக்கவில்லை.

ஹீட்டர் 24,000 ரூபாய். டேங்க் ஏற்றியது, பைப், கூலி எல்லாம் சேர்த்து இன்னொரு 17,000. யாரும் இந்த இரண்டாவது தொகையை முதலில் சொல்வதில்லை.

பிளம்பர் அண்ணன் கெட்டிக்காரர், ஆனால் அவசரக்காரர். பதினொன்றரை மணிக்கு வேலையை முடித்தார், வெறும் டியூப்கள் அதுவரை வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன, அப்படியே வால்வைத் திறந்தார். டப் டப்பென்று இரண்டு சத்தம். எல்லோரும் தெருவில் பட்டாசு என்று நினைத்தோம். காய்ந்த வாணலியில் பச்சைத் தண்ணீர் ஊற்றிய கதைதான். விடிகாலையிலோ சாயங்காலத்திலோதான் முதல் தண்ணீர் விட வேண்டும், இல்லையென்றால் டியூப்களைத் துணியால் மூடிவைக்க வேண்டும். இரண்டு டியூப் காசு எங்கள் தலையில்.

அவர் செய்த இன்னொன்று ஆறு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. வெந்நீர் லைனுக்குச் சூடு தாங்கும் சிபிவிசி பைப் வாங்கச் சொன்னவர், சோலார் டேங்கின் மேல் காற்று வெளியேற நிற்கும் ஏர் வென்ட்டுக்கு மட்டும் மிச்சமிருந்த சாதா வெள்ளை பைப்பை வைத்துவிட்டார். "காத்துதானேம்மா போகுது." ஏப்ரலில் காத்து போகவில்லை, ஆவி போயிற்று. துணி காயப்போடப் போனவள் பார்க்கிறேன், நேராக நின்ற பைப் வாடின முருங்கைக்காய் மாதிரி தொங்குகிறது. சாதா பிவிசி 60 டிகிரியிலேயே இளக ஆரம்பித்துவிடும். சிபிவிசி 90 வரைக்கும் தாங்கும்.

அதை மாற்ற வந்தபோதே கீழே இறங்கும் லைனையும் மாற்றச் சொன்னேன். மாடியிலிருந்து அத்தையின் பாத்ரூம் வரை பதினைந்து மீட்டர். முக்கால் இஞ்ச் பைப்பில் அந்த நீளத்துக்கு நான்கு லிட்டர் தண்ணீர் நிற்கும். ராத்திரி முழுக்க ஆறிப்போன அந்த நான்கு லிட்டரும் வெளியே வந்த பிறகுதான் வெந்நீர் எட்டிப் பார்க்கும். அத்தை அதை வாளியில் பிடித்து முதல்நாள் பாத்திரங்களை ஊறவைத்துக்கொண்டிருந்தார், வாயைத் திறக்கவில்லை. அரை இஞ்ச் போட்டதும் அது பாதியானது. டேங்க் உயரத்தில் இருப்பதால் பிரஷரும் குறையவில்லை. சூடு ஆறாமலிருக்கப் பைப்பைச் சுற்றிய கறுப்பு ஃபோமைத்தான் காக்கைகள் கூடு கட்டப் பிய்த்துக்கொண்டு போகின்றன. அலுமினிய டேப் சுற்றியிருக்கிறேன், பார்ப்போம்.

கீசரைக் கழற்றிவிடலாமா என்று கேட்பவர்களுக்கு: வேண்டாம். ஐப்பசி கார்த்திகை அடைமழை. வெயிலே தலைகாட்டாத முதல் நாள் முந்தைய நாள் சூடு கொஞ்சம் மிச்சமிருக்கும், இரண்டாம் நாள் பச்சைத் தண்ணீர்தான். போன மழைக்கு பதினொரு நாள் கீசர் போட்டோம்.

காசுக் கணக்கையும் ஒளிக்க வேண்டாம். எங்களுக்கு வெந்நீர் அவசியப்படுவது வருஷத்தில் நாலைந்து மாதம். அதில் இரண்டு மாத பில்லுக்கு நூறு யூனிட் போலக் குறைகிறது. 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ் ஸ்லாப்களுக்கும் ரேட் ஏறிவிடும் என்பதால் விளிம்பில் நிற்கும் எங்களுக்கு அது உதவுகிறது. ஆனால் கோடையில் பில்லை ஏற்றுவது ஏசி, அதற்கு இந்த டியூப்கள் ஒன்றும் செய்யாது. போட்ட 41,000 திரும்பிவர ரொம்ப வருஷமாகும். பில்லைக் குறைக்க மட்டும்தான் என்றால், மாடியில் கரண்ட் எடுக்கும் பேனல் போட்டுக்கொண்டு கீசரையே ஓட்டுவது மேல் என்று என் கணவர் இன்னும் சொல்கிறார். 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மத்திய மானியம் இருப்பதைத் தவறாமல் ஞாபகப்படுத்துகிறார். ஐந்தரை மணிக்கு சுவிட்ச் போட்டுக் காத்திருக்காமல் குளித்து வரும் அத்தையிடம் இந்த வாதம் எடுபடவில்லை.

இப்போது கோடை. போன மே மாதம் ஊருக்குப் போய்விட்டு வந்து குழாயைத் திறந்தால் ஆவியும் தண்ணீருமாகச் சீறியது. நல்லவேளை, மகன் கையை நீட்டவில்லை. இந்த வருஷம் நர்சரியில் விற்கும் பச்சை நிழல் வலையை மடித்து ஆறு டியூப்கள்மேல் கட்டிவிட்டேன். அங்கிள் அவர் மாடியிலிருந்து பார்த்துவிட்டு, "சோலாரும் போட்டு அதுக்குக் குடையும் பிடிக்கிறீங்களா?" என்றார்.

ஆமாம் அங்கிள், ஐப்பசி வரைக்கும்.