அன்னைக்கு நான் கேட்ட கேள்வி

"அப்போ இன்னைக்கு நோன்பு இல்லையா? அப்படின்னா அஞ்சு மணி ஃபோன் கால நீயே எடுத்துக்கிறியா?"

நான் லீடா இருக்கிற டீம்ல வேலை பாக்கிற ஒரு பொண்ணுகிட்ட இவ்வளவுதான் நான் கேட்டது. குரல் உசத்தல, முகம் சுளிக்கல, ஷிஃப்ட் ஷீட்டப் பாத்துட்டே கேட்டேன். அவ கையில தண்ணி பாட்டில், ஒரு வாய் குடிச்சிட்டு மூடிட்டு இருந்தா. பக்கத்துல டீம்ல மூணு பேரு உக்காந்திருந்தாங்க, மூணு பேரும் ஆம்பளைங்க. ஒரு செகண்ட் அவ பேசல. அப்புறம் "ம்... எடுத்துக்கிறேன்கா"ன்னா. 2024 மார்ச்ல, ரமலான் மாசத்துல நடந்தது, அந்த ஒரு செகண்ட் இன்னும் என்னை விடமாட்டேங்குது.

எனக்கு நியாயம் இல்லாம இல்ல. அந்த ரமலானுக்கு ரெண்டு வாரம் முன்னாடியே அவள கூப்பிட்டு உக்கார வெச்சு என்ன வேணும்னு கேட்டவ நான். தண்ணி கூட குடிக்கக் கூடாதுங்கறது, விடியறதுக்கு முன்னாடி சஹர் சாப்பாட்டுக்கு எந்திரிக்கிறது, ராத்திரி இஷா தொழுகைக்கு அப்புறம் ரமலான்ல மட்டும் வர்ற தராவீஹ் தொழுகை, அதனால தூக்கம் ரெண்டு துண்டா போயிடும்ங்கறது எல்லாம் அவ சொல்லித்தான் தெரியும். பசிய விட மொத நாலஞ்சு நாள் காபி இல்லாம வர்ற தலைவலிதான்கா கொடுமைன்னு சொன்னா. மத்தியானம் மூணு மணிக்கு மேலதான் மண்டை ஓடாதுன்னா, சரின்னு ரிவ்யூ எல்லாத்தையும் காலைல தள்ளினேன், காலை ஏழுல இருந்து மூணு மணி ஷிஃப்ட் போட்டேன், டீம் லஞ்ச்சை பெருநாளுக்கு அப்புறம்னு மாத்தினேன். பெருநாள் லீவு மட்டும்தான் கொஞ்சம் இழுத்துச்சு, மாசம் இருபத்தொன்பதா முப்பதான்னு பிறை பாத்துத்தான் தெரியும், ஆனா லீவு போடுற சிஸ்டத்துக்கு ஒரு தேதி வேணும், ரெண்டு நாளும் போட்டு வை ஒண்ண கேன்சல் பண்ணிக்கலாம்னு நானே சொன்னேன். இவ்வளவு பண்ணவ அப்படி ஒரு கேள்வி கேட்டுட்டேன்ங்கறதுதான் எனக்கே ஒட்டமாட்டேங்குது.

இல்ல, இவ்வளவு பண்ணதனாலதான் கேட்டேனோ என்னவோ.

ஏன்னா ஷிஃப்ட் மாத்தினப்போ டீம் முழுக்க ஒரு மெயில் போட்டேன், இவங்க நோன்பு இருக்காங்க, இந்த மாசம் மூணு மணிக்கு கிளம்புவாங்க, மத்தியானத்துக்கு மேல மீட்டிங் போடாதீங்கன்னு. அவகிட்ட கேட்டுட்டுதான் போட்டேன், "பரவாயில்லக்கா, போடுங்க"ன்னா. அந்த பரவாயில்லக்காவ நான் சம்மதம்னு எடுத்துக்கிட்டேன். நம்ம ஊழியர் நம்மகிட்ட பரவாயில்லன்னு சொல்றதுக்கு எத்தனை அர்த்தம் இருக்குன்னு லீடா இருக்கிற எல்லாருக்கும் தெரியும், தெரிஞ்சும் நமக்கு வசதியானதத்தான் எடுத்துக்குவோம். அந்த மெயில் போனதுக்கு அப்புறம் அவ நோன்பு அவ நோன்பா இல்ல, டீம் கணக்கு வெச்சுக்கிற விஷயமா ஆயிடுச்சு. யாரும் தப்பா ஒண்ணும் சொல்லல. "இன்னும் எத்தனை நாள்?"னு கேப்பாங்க, அக்கறையாத்தான் கேட்டாங்க.

ரெண்டு நாள் கழிச்சு மாடிப்படி திருப்பத்துல, சுவத்தப் பாத்து நின்னு அதே பாட்டில்ல தண்ணி குடிச்சிட்டு இருந்தா. என்னைப் பாத்ததும் டக்குனு மூடிட்டு, "இதோ வந்துட்டேன்கா"ன்னு கிளம்பிட்டா. அப்பதான் எனக்கு உறைச்சுது. மாதவிலக்கு நாள்ல பெண்கள் நோன்பு வைக்க மாட்டாங்க, வைக்கக் கூடாது, விட்ட நாளை எண்ணி ரமலானுக்கு அப்புறம் களாவா வெச்சுக்கணும். இது எனக்குத் தெரியாத விஷயம் இல்ல, எப்பவோ பேச்சுவாக்குல யாரோ சொல்லி காதுல விழுந்ததுதான். தெரியாமலே இருந்தாலும் என்ன, நானும் ஒரு பொம்பளை, மாசத்துல நாலு நாள் எனக்கும் வருது, மூணு ஆம்பளைங்க முன்னாடி "இன்னைக்கு உனக்கு இல்லையா"ன்னு ஒரு பொண்ணக் கேக்கிறதுக்கு முன்னாடி எனக்கு ஏன் ஒரு நிமிஷம் தோணல? அந்த அஞ்சு மணி காலுக்கு ஆள் இல்ல, என் மண்டை பூரா அதுதான் இருந்துச்சு. இதையும் என்னை நியாயப்படுத்திக்கத்தான் சொல்றேன்னு தெரியுது.

அந்தக் கேள்வியில ரெண்டாவது பாதிதான் எனக்கு அதிகமா குத்துது. நோன்பு இல்லையான்னு கேட்டது வாய் தவறினதுன்னு வெச்சுக்கலாம். அப்படின்னா அந்த ஃபோன் கால எடுத்துக்கிறியான்னு கேட்டேன் பாருங்க, அது வாய் தவறினது இல்ல. நோன்பு வெச்சாத்தான் உனக்கு சலுகை, இல்லன்னா திருப்பிக் குடுன்னு அர்த்தம். உடம்பு வலியோட இருந்திருப்பா, வீட்ல எல்லாருக்கும் சஹருக்கு எழுந்து செஞ்சிட்டும் வந்திருக்கலாம், அவளுக்கு நோன்பு இல்லன்னா வீட்டுக்கே சஹர் இல்லாம போயிடுமா என்ன. அன்னைக்கு அவளுக்கு மூணு மணிக்குப் போறது மத்த நாளை விட அதிகமா தேவைப்பட்டிருக்கும்.

மன்னிப்பு கேட்டியான்னு கேட்டா, இல்ல, கேக்கல. கேட்டா எனக்குத் தெரிஞ்சு போச்சுன்னு அவகிட்ட சொல்ற மாதிரி ஆயிடும், அவ எதை மறைக்க மாடிப்படிக்குப் போறாளோ அதையே நான் கையில எடுத்துக் காட்டின மாதிரி. இது காரணமா, இல்ல தைரியம் இல்லாததுக்கு நான் வெச்ச பேரான்னு தெரியல.

வேற டீம்ல ஒரு பெரியவர், வருஷா வருஷம் நோன்பு வைக்கிறவர், யார்கிட்டயும் சொல்லிக்க மாட்டார், மத்தியான மீட்டிங்ல எல்லார் முன்னாடியும் டீ இருக்கும் அவர் முன்னாடி இருக்காது, அவ்வளவுதான். அவர்கிட்ட யாருன்னு சொல்லாம பொதுவா கேட்டேன். கொஞ்ச நேரம் யோசிச்சிட்டு, "ஒவ்வொருத்தரா கூப்பிட்டு கேக்காதீங்கம்மா, காலை ஷிஃப்ட் வேணுங்கறவங்க எடுத்துக்கலாம்னு எல்லாருக்கும் சொல்லிடுங்க, ஏன்னு கேக்காதீங்க"ன்னார். அது சரின்னு பட்டுச்சு. அடுத்த வருஷம் அப்படித்தான் பண்ணேன், நோன்பு வைக்காத ரெண்டு பேரும் எடுத்துக்கிட்டாங்க, ஒருத்தருக்கு ஸ்கூல் போற பிள்ளை, இன்னொருத்தர் ஏன்னு நான் கேக்கல. ஆனா ஷீட்ல காரணம்னு ஒரு கட்டம் இருக்கு, அதை நிரப்பாம மேல அனுப்பினா திரும்பி வருது, பொதுவா சொந்தக் காரணம்னு போட்டேன், இதுவரைக்கும் ஓடுது. ரமலான் வருஷத்துக்கு பத்து பதினொரு நாள் முன்னாடி வந்துட்டே இருக்கு, 2030ல ஜனவரில ஒண்ணு டிசம்பர்ல ஒண்ணுன்னு ரெண்டு தடவை வருது, அப்ப அந்த கட்டத்துக்கு யாரு என்ன எழுதுவாங்களோ.

கேக்காம இருக்கிறதுதான் சரின்னு சொல்லி முடிச்சிருப்பேன், ஆனா அந்த 2024லேயே ஜூலைல இன்னொண்ணு நடந்துச்சு. டீம்ல யாருக்கோ பொறந்த நாள், மத்தியானம் எல்லாரும் சாப்பிட உக்காந்தாங்க, அவ தட்டு எடுக்கல. ஒருத்தன் "என்ன டயட்டா?"ன்னான், "ஆமா"ன்னா. எனக்கு சட்டுனு புரிஞ்ச மாதிரி இருந்துச்சு, களா நோன்பா இருக்குமோன்னு. நிச்சயமா தெரியாது. அந்த நாள்களுக்கு மெயில் கிடையாது, காலை ஷிஃப்ட் கிடையாது, வீட்லயும் எல்லாரும் வழக்கம்போல சாப்பிட்டுட்டு இருப்பாங்க, தனியா எந்திரிச்சு தனியா நோன்பு வெச்சு தனியா திறக்கணும். மார்ச்ல அவள சுத்தி அவ்வளவு ஏற்பாடு பண்ண எனக்கு இந்த நாள்கள் கணக்குலயே வரல. அன்னைக்கும் அவளுக்கு அஞ்சு மணிக்கு கால் இருந்துச்சு, போட்டது நான்தான்.

நோன்பான்னு கேக்க வாய் வரைக்கும் வந்துச்சு, கேக்கல. நாலரைக்கு அவ சீட்டுக்குப் போயி, "இன்னைக்கு கால் நான் எடுத்துக்கிறேன்மா, எனக்கு அவங்ககிட்ட வேற ஒண்ணும் பேசணும்"னு சும்மா ஒரு காரணம் சொன்னேன். என்னை ஒரு தடவை நிமிந்து பாத்தா.

"வேண்டாம்கா, நானே பாத்துக்கிறேன்"னா.

கால் அம்பது நிமிஷம் போச்சு. நான் என் சீட்லயே உக்காந்திருந்தேன்.