கல் கிடந்தது என்று எழுதினோம், ஏன் கிடந்தது என்று எழுதவில்லை

எட்டு வருடம் ராம்ப்பில், அதாவது விமானம் நிற்கிற தளத்தில், சூப்பர்வைசராக வெயிலில் நின்ற என்னை ஒருநாள் ஆபீசுக்குக் கூப்பிட்டு, "அடுத்த மாசத்துலேர்ந்து நீதான் சேஃப்டி மேனேஜர்" என்றார்கள். என் திறமையைப் பார்த்து இல்லை. இருந்தவர் வளைகுடாவில் வேலை கிடைத்துப் போய்விட்டார், எங்களுக்கு ஒப்பந்தம் கொடுத்திருந்த விமான நிறுவனமோ அடுத்த புதுப்பித்தலுக்குள் ஐசாகோ பதிவு வாங்கியாக வேண்டும் என்று சொல்லிவிட்டது. தமிழ்நாட்டில் ஒரு விமான நிலையம், பெட்டி ஏற்றி இறக்குவது போன்ற தரைப்பணி செய்கிற ஒரு கம்பெனி. இரண்டின் பெயரும் இங்கே வேண்டாம்.

ஐசாகோ என்பது தரைப்பணி நிறுவனங்களுக்காக விமான நிறுவனங்களின் உலகச் சங்கமான ஐயாட்டா 2008-இல் தொடங்கிய பாதுகாப்புத் தணிக்கை. பாஸானால் பதிவு இரண்டு வருடம் செல்லும். அதற்கு முதலில் எஸ்எம்எஸ் வேண்டும். செல்போன் சமாச்சாரம் இல்லை, சேஃப்டி மேனேஜ்மென்ட் சிஸ்டம். ஐ.நா.வின் விமானப் போக்குவரத்து அமைப்பான ஐக்கோ இதற்கென்றே இணைப்பு 19 என்று தனியாக ஒன்று போட்டு 2013 நவம்பரில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. கொள்கை, ஆபத்து மேலாண்மை, உறுதிப்படுத்தல், பயிற்சியும் தகவலும் என்று நான்கு பகுதி, அதற்குள் பன்னிரண்டு கூறுகள். எங்கள் கம்பெனியிலும் இது எல்லாமே இருந்தது, அதாவது ஒரு தடித்த ஃபைலில் இருந்தது. முதல் வாரம் அதை உட்கார்ந்து படித்தேன். 60-ஆவது பக்கம் தாண்டி ஓரிடத்தில் வேறு ஏதோ கம்பெனியின் பெயர் அப்படியே கிடந்தது. எங்கிருந்து எடுத்தார்கள் என்று தெரிந்துவிட்டது, சரி, மாற்றினேன்.

ஐசாகோவுக்கு முன்னோட்டமாக விமான நிறுவனத்திலிருந்து ஒரு தணிக்கையாளர் வந்தார். அந்தம்மா மேனுவலைத் திறக்கவே இல்லை. ஆபத்துப் பதிவேட்டை மட்டும் கேட்டு வாங்கினார். நான் வந்ததும் போட்ட ஒன்றை விட்டால், பதினான்கு மாதத்தில் மொத்தம் மூன்று பதிவு, மூன்றுமே எனக்கு முன்னால் இருந்தவர் தானே எழுதியது.

"ராம்ப்பில் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள்?"

"மூணு ஷிப்டும் சேர்த்து நூத்தி நாற்பது மேடம்."

"நூற்று நாற்பது பேரில் ஒருத்தர்கூட ஒரு வருடமாக எதையும் பார்க்கவில்லையா?"

என்னிடம் பதில் இல்லை. பாதுகாப்பாக வேலை செய்கிறார்கள் என்று சொல்லலாம்தான், ஆனால் எட்டு வருடம் அங்கேயே நின்றவன் நான், என் வாயாலேயே அதைச் சொல்ல முடியவில்லை. இத்தனைக்கும் அந்த எட்டு வருடத்தில் நானும் ஒரு அறிக்கைகூட எழுதியதில்லை.

படிவத்தை எடுத்துப் பார்த்தேன். இரண்டு பக்கம், முழுக்க ஆங்கிலம். பெயர், பணியாளர் எண், ஆபத்தின் விவரம், பங்களித்த காரணிகள், நிகழ்தகவு, தீவிரம். எங்கள் லோடர்களில் பாதிப் பேர் பத்தாவதோடு நின்றவர்கள். இவர்கள் மழையில் பெட்டி இறக்கி முடித்துவிட்டு, சூப்பர்வைசரிடம் போய்ப் படிவம் கேட்டு வாங்கி, அவர் கண்ணெதிரே ஆங்கிலத்தில் நிரப்பி அவர் கையிலேயே திருப்பிக் கொடுக்க வேண்டும். பெரும்பாலும் புகாரே அந்த சூப்பர்வைசர் சொன்ன வேலையைப் பற்றியதாகத்தான் இருக்கும். எவன் எழுதுவான்?

படிவத்தை அரைப் பக்கமாக்கித் தமிழில் போட்டேன். எங்கே, என்ன பார்த்தீர்கள், என்ன ஆகியிருக்கும், அவ்வளவுதான் கேள்வி. பெயர் எழுதுவது விருப்பம். அதோடு ஒரு போன் நம்பர் கொடுத்து, வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பினால் போதும் என்றேன். மேலே இருந்தவர்களுக்கு இது பிடிக்கவில்லை. "ஆடிட்ல வாய்ஸ் மெசேஜையா காட்டுவே?" என்றார்கள். எழுதிப் பதிவேட்டில் ஏற்றுவது என் வேலை என்று சொல்லிச் சமாளித்தேன்.

அப்புறம் ஷிப்ட் ஷிப்டாக வகுப்பு எடுத்தேன். கான்கார்டு கதையைச் சொன்னேன். 2000 ஜூலை 25, பாரிஸ். ஐந்து நிமிடம் முன்னால் கிளம்பிப் போன ஒரு டிசி-10 விமானத்திலிருந்து ஓடுதளத்தில் விழுந்த தகடு, நீளம் ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவு, அதில் கான்கார்டின் டயர் ஏறிக் கிழிந்து, டயர்த் துண்டு இறக்கைக்குக் கீழே அடித்து, எரிபொருள் தொட்டி உடைந்து தீப்பிடித்து 113 பேர் செத்துப்போனார்கள். ஆகவே தரையில் எது கிடந்தாலும் பொறுக்கிவிடுங்கள். நன்றாகத்தான் பேசினேன் என்று நினைத்துக்கொண்டேன். பின்வரிசையில் ஒரு பையன் எழுந்து, "அந்தத் தகடு ஏன் கழண்டுச்சுன்னு பாத்தாங்களா?" என்று கேட்டான். பார்த்தார்கள், பராமரிப்பின்போது அதை விதிப்படி செய்து பொருத்தவில்லை என்று விசாரணையில் வந்தது என்றேன். தலையாட்டிவிட்டு உட்கார்ந்துவிட்டான்.

அன்று ராத்திரி பதினொன்றரைக்கு முதல் வாய்ஸ் மெசேஜ் வந்தது. அவன்தான். "அண்ணே, ஏழாம் பே ஓரத்துல கெடந்த கல்லை எல்லாம் எடுத்துட்டாங்க. இனிமே டாலி உருளும். சொல்லிட்டேன்."

பே என்றால் ஒரு விமானம் நிற்கிற இடம், டாலி என்றால் பெட்டி ஏற்றி டிராக்டரில் இழுக்கிற வண்டி. மெசேஜை இரண்டு தடவை கேட்டேன். ஏனென்றால் கல்லை எடுக்கச் சொன்னவனே நான்தான். பதவிக்கு வந்த மூன்றாம் நாள் பதிவேட்டில் நான் போட்ட முதல் பதிவு, 'ஏப்ரனில் கற்கள், அகற்றப்பட்டன, முடிக்கப்பட்டது.' ஏப்ரன் என்பதும் ராம்ப்தான்.

விஷயம் இதுதான். விமானம் நிற்கிற இடம் பார்க்கத்தான் சமதளம், தண்ணீர் வடிவதற்காக லேசான சரிவு இருக்கும், ஒரு சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது விதி. அந்த ஒரு சதவீதம் போதும், பெட்டி ஏற்றின டாலி பிரேக் இல்லாவிட்டால் நகரும், மே மாதக் காற்றோ பக்கத்து பேயில் கிளம்புகிற விமானத்தின் காற்றோ பட்டால் இன்னும் வேகமாக நகரும். டாலியின் இழுவைக் கம்பியைச் செங்குத்தாகத் தூக்கி நிறுத்தினால் பிரேக் பிடிக்க வேண்டும், ஆனால் எங்களிடம் பாதி டாலிகளில் பிடிக்காது. அதனால் சக்கரத்துக்குக் கீழே கல். நானே ராம்ப்பில் இருந்தபோது எத்தனையோ தடவை காலால் தள்ளி வைத்திருக்கிறேன். நாற்காலியில் உட்கார்ந்த மூன்றே நாளில் அதே கல் எனக்கு வெறும் குப்பையாகத் தெரிந்திருக்கிறது. இன்றைக்கும் நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

மறுநாள் பதிவேட்டில் அதைத் திரும்பத் திறந்தேன். இங்கேதான் ஆபத்தை அளக்கிற ஐக்கோவின் கட்டம் வருகிறது. எவ்வளவு நடக்கக்கூடும் என்பதற்கு 5 முதல் 1 வரை, நடந்தால் எவ்வளவு மோசம் என்பதற்கு ஏ (A, மிக மோசம்) முதல் ஈ (E) வரை. நான் போட்டது 4சி. அவ்வப்போது நடக்கிறது, நடந்தால் விமானத்தின் உடம்பில் அடிபடும். மஞ்சள் கட்டம், அதாவது ஏதாவது நடவடிக்கை எடுத்தால்தான் வேலையைத் தொடரலாம். ஆபரேஷன்ஸ் மேனேஜர் 2டி என்றார். பச்சைக் கட்டம், யாரும் எதுவும் செய்ய வேண்டாம். "இதுவரைக்கும் டாலி போய் இடிச்சதா ஒரு ரெக்கார்டு காட்டு பாப்போம்" என்றார். ரெக்கார்டு எப்படி இருக்கும், யாருமே எழுதாத பதிவேட்டில்? இந்தக் கட்டத்தைப் பற்றி நான் கற்றுக்கொண்டது ஒன்று உண்டு: பல சமயம் எண்ணிலிருந்து முடிவுக்கு யாரும் போவதில்லை, முடிவைக் கையில் வைத்துக்கொண்டு எண்ணைத் தேடுகிறார்கள். வாதம் பண்ணிப் பிரயோஜனம் இல்லை என்று ஒரு வாரம் மூன்று ஷிப்டிலும் டாலி நகர்ந்ததை எண்ணச் சொன்னேன், தமிழ்ப் படிவத்தில் வெறும் கோடு போட்டால் போதும். பத்தொன்பது கோடு. அதற்கப்புறம் 2-ஐப் பற்றி அவர் பேசவில்லை.

பிரேக் ஏன் போனது என்று தோண்டினால் இன்னும் வேடிக்கை. பராமரிப்புப் பட்டியலில் டிராக்டர், பெல்ட் லோடர், ஜிபியூ (நிற்கிற விமானத்துக்கு மின்சாரம் கொடுக்கிற வண்டி) எல்லாம் இருக்கிறது, டாலி இல்லை. மோட்டார் இல்லாததால் அதை யாரும் வண்டியாகவே நினைக்கவில்லை. வாங்கின நாளிலிருந்து சக்கரம் கழன்றால் மட்டும் ஒர்க்‌ஷாப் போகும். எல்லா டாலிக்கும் பட்டியலில் இடம் பிடித்து, பிரேக் கட்டை மாற்றி முடிக்க நான்கு மாதம் ஆனது. அதுவரைக்கும் மஞ்சள் பெயின்ட் அடித்த ரப்பர் கட்டைகளைக் கயிறு போட்டு டாலியிலேயே கட்டிவிட்டோம். கயிறு முக்கியம், இல்லையென்றால் அடுத்த மாதம் அந்த ரப்பர் கட்டையே தரையில் கிடக்கிற பொருள் ஆகியிருக்கும்.

நடுவில் ஒரு கெட்ட காரியமும் நடந்தது. மெசேஜ் அனுப்பிய பையன் யார் என்று எப்படியோ வெளியே தெரிந்து, ஒருநாள் சம்பளத்தைப் பிடித்துவிட்டார்கள். எங்கள் கொள்கைப் பக்கத்தில் தலைவர் கையெழுத்தோடு, நல்லெண்ணத்தில் தகவல் தருகிறவர் மேல் நடவடிக்கை கிடையாது, வேண்டுமென்றே விதி மீறினாலோ பெரிய அலட்சியமாக இருந்தாலோதான் என்று போட்டிருக்கிறது. அதைத் தூக்கிக்கொண்டு போனேன். அவன் ஒப்பந்தத் தொழிலாளி, நம் ஊழியரே இல்லை, சம்பளம் போடுவது கான்ட்ராக்டர் என்றார்கள். லோடர்களில் முக்கால்வாசி அப்படித்தான், ஆக அந்தப் பக்கம் காப்பாற்றுவது ஆபீசில் ஏசியில் இருக்கிறவர்களை மட்டும். பணத்தைத் திரும்ப வாங்கிக் கொடுத்தேன், கான்ட்ராக்டர் ஒப்பந்தத்திலேயே அந்த வரியைச் சேர்க்க வைக்க இரண்டு மாதம் அலைந்தேன். அந்த இரண்டு மாதமும் ஒரு மெசேஜ்கூட வரவில்லை. மறுபடி வர ஆரம்பித்ததும் அவனிடமிருந்து இல்லை. அவன் இன்னும் என்னிடம் சரியாகப் பேசுவதில்லை.

ஐசாகோ தணிக்கை ஐந்து நாள் நடந்தது. அதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பயிற்சிப் பதிவுகளில் இரண்டு குறை, திருத்திக் கொடுத்தோம், பதிவு வந்தது. பதிவேட்டில் அப்போது எழுபதுக்கு மேல் இருந்தது. இவ்வளவு ஆபத்தா என்று எங்கள் இயக்குநர்தான் பயந்தார், தணிக்கைக்கு வந்தவர்கள் பயப்படவில்லை.

இப்போது திறந்து கிடப்பதில் ஒன்று ஏடிஆர் 72 என்கிற புரொப்பெல்லர் விமானத்தைப் பற்றியது. அதில் ஏபியூ, அதாவது நிற்கும்போது மின்சாரம் தருகிற சின்ன எஞ்சின், கிடையாது. நிற்கும்போது மின்சாரத்துக்காக வலது எஞ்சினை ஓடவிட்டு, புரொப்பெல்லரை மட்டும் பிரேக் போட்டு நிறுத்தி வைப்பார்கள், ஹோட்டல் மோடு என்பார்கள். விசிறி சுற்றாததால் எஞ்சின் ஓடுகிற மாதிரியே தெரியாது, சத்தம் மட்டும் இருக்கும். பின்பக்கப் பெட்டி இறக்கும் கதவும் அதே வலது பக்கம்தான், எஞ்சின் கக்குகிற சூடு நேராக லோடர் முதுகில். "அண்ணே, அடுப்பு முன்னாடி நிக்கிற மாதிரி இருக்கு" என்று மெசேஜ். வந்து இறங்கியதும் ஜிபியூ கொடுத்து எஞ்சினை நிறுத்தச் சொல்லி விமான நிறுவனத்துக்கு எழுதியிருக்கிறேன். ஜிபியூ நேரத்துக்கு வந்து சேருமா என்று அவர்கள் திருப்பிக் கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்விதான். எங்களிடம் இருக்கிற இரண்டில் ஒன்று ஒர்க்‌ஷாப்பில் நிற்கிறது.