பறிப்பதற்கு முன் ஒரு படம்

16 மார்ச் 2025, ஞாயிறு

மார்கழியில் கவாத்து செய்த மல்லிகள் தளிர்த்து, முதல் மொக்குகள் இன்று பறிக்கும் பதத்துக்கு வந்துவிட்டன. மொட்டை மாடியில் மொத்தம் நான்கு தொட்டி. எல்லாம் ராமேஸ்வரம் பக்கத்துத் தங்கச்சிமடத்துப் பதியன்கள். சாயங்காலம் படம் போடுகிறேன் என்று மாடித்தோட்ட வாட்ஸ்அப் குழுவில் காலையிலேயே சொல்லி வைத்துவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது.

நான்கரைக்குச் செல்போனோடு மேலே போனால் ஒரு மொக்கு இல்லை. கீழே சமையல்கட்டில், எவர்சில்வர் தட்டில் ஈரத்துணிக்கு அடியில் பதினேழு மொக்குகள். அத்தை வாழைநாரைக் கிழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஒரு படம் எடுக்க விட்டுட்டுப் பறிச்சிருக்கலாமே அத்தை."

"மொக்கைப் படம் எடுத்து என்னத்துக்கு? பூக்கட்டும், எடுக்கிறேன்னு சொல்லுவ. பூத்த மல்லியைச் செடியில விட்டு வச்சா வீட்ல பொம்பளைங்க இல்லையான்னு கேப்பாக."

பதினேழு மொக்குக்கு எவ்வளவு சரம் வரும்? ஒரு விரல் நீளம். அதையும் கட்டி, சாமி படத்துக்கு வைத்துவிட்டார். குழுவில் "நாளை" என்று போட்டுவிட்டுப் படுத்தேன்.

19 மார்ச், புதன்

சமாதான உடன்படிக்கை: பறித்த மொக்குகளை அத்தையின் உள்ளங்கையில் வைத்துப் படம் எடுக்கலாம், செடியில் வேண்டாம். உண்மையில் அந்தப் படம்தான் நன்றாக வந்தது. கை ரேகைகளும் வளையலும் மொக்குகளின் வெளிர் பச்சைக் காம்பும். குழுவில் இதயங்களாகக் குவிந்தன.

ஒரே ஒருவர் மட்டும் "செடியைக் காட்டுங்க" என்று எழுதியிருந்தார். அவருக்கு எப்படித் தெரிந்ததோ. செடியைக் காட்டாததற்குக் காரணம் அத்தை மட்டும் இல்லை. இளம் இலைகளெல்லாம் மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை. தயங்கித் தயங்கித்தான் படத்தை அனுப்பினேன். இரும்புச் சத்துக் குறைவு, போர்த்தண்ணீர் ஊற்றுகிறீர்களா என்று கேட்டார். ஆமாம், அதுதான். உப்புக் கறை படிந்த எங்கள் வாளியைப் பார்த்தாலே தெரியும். அந்தத் தண்ணீரால் மண் காரத்தன்மைக்கு மாறிவிட்டால், மண்ணில் இரும்பு இருந்தும் வேர் எடுக்க முடியாதாம். அன்னபேதி உப்பு (ஃபெரஸ் சல்பேட் என்கிற இரும்பு உப்பு), லிட்டருக்கு 5 கிராம், வெயில் தாழ்ந்த பிறகு இலைமேல் தெளிக்கச் சொன்னார். நாட்டு மருந்துக் கடையில் அன்னபேதி என்று கேட்டதும் கடைக்காரர் என்னைக் கொஞ்சம் கவலையோடு பார்த்தார். செடிக்குத்தான் என்று சொன்ன பிறகே பொட்டலம் மடித்தார்.

6 ஏப்ரல், ஞாயிறு

செம்பருத்தி என்னைப் பாடாய்ப் படுத்துகிறது. நேரில் பார்த்தால் இதழில் நரம்பு நரம்பாக ஓடுகிறது, அடியில் அடர் சிவப்பு, ஓரத்தில் சுருக்கம். படத்திலோ யாரோ சிவப்புப் பெயின்ட்டைக் கொட்டியது மாதிரி ஒரே அப்பல். செல்போன் கேமராவுக்குச் சிவப்பு என்றால் அப்படி ஒரு பேராசை. நேர் வெயிலில் எடுக்கவே கூடாது என்று பட்டுத் தெரிந்துகொண்டேன். ஏழு மணிக்குள், தண்ணீர்த் தொட்டியின் நிழல் விழும்போது, திரையில் பூவைத் தொட்டு வெளிச்சத்தை இழுத்துக் குறைத்தால் நரம்பு தெரிகிறது. நீலச்சங்கு மட்டும் எப்படி எடுத்தாலும் ஊதாவாகத்தான் விழுகிறது. அதை விட்டுவிட்டேன்.

குனிந்து எடுக்கும்போதுதான் கிளைக்கவட்டில் வெள்ளையாக மாவுப்பூச்சி கண்ணில் பட்டது. பக்கத்தில் எறும்பு வரிசை. பூச்சி விடும் இனிப்புக்காக எறும்பு அதற்குக் காவல் நிற்கிறது. பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் கொஞ்சம் சோப்புத் தண்ணீரும் கலந்து அடித்தேன். குழுவுக்குப் போன படத்தில் பூ மட்டும்தான், கிளையை வெட்டிவிட்டேன். கத்தரியால் இல்லை, திரையில்.

14 ஏப்ரல், திங்கள்

சித்திரை ஒன்று. வேப்பம்பூ பச்சடிக்குப் பூ பக்கத்து வீட்டு மரத்தில் கேட்டு வாங்கியது.

எங்கள் வீட்டு நந்தியாவட்டையைத்தான் யாரும் கேட்டு வாங்குவதில்லை. காம்பவுண்ட் சுவரைத் தாண்டி எட்டிப் பார்க்கும் கிளைகள் தெருவுக்குச் சொந்தம் என்பது வாக்கிங் போகிறவர்களின் சட்டம். கையில் கேரிபேக், சிலரிடம் நுனி வளைத்த குச்சி. ஐந்தே முக்காலுக்கு நான் போனபோது சுவருக்கு இந்தப் பக்கம் பூ, அந்தப் பக்கம் வெறும் இலை. கோடு போட்டாற்போல. வருஷப் பிறப்பு வாழ்த்தோடு அந்த மொட்டைக் கிளையைப் படமாகப் போட்டேன். மூன்று மாதமாக நான் போட்ட எந்தப் பூவுக்கும் இவ்வளவு பதில் வந்ததில்லை. ஒருவர் வீட்டில் அரளி, ஒருவர் வீட்டில் பவழமல்லி. இன்னொருவர் வீட்டில் செடி தொட்டியோடு போயிருக்கிறது.

அத்தை மட்டும் கோபப்படவில்லை. "சாமிக்குத்தானே போகுது" என்றார். மல்லியில் யாராவது கை வைத்தால் இதே பேச்சா என்று கேட்கவில்லை.

12 மே, திங்கள்

அழகர் ஆற்றில் இறங்கினார். கூட்டம், வெயில், கள்ளழகர் வேஷக்காரர்கள் தண்ணீர் பீய்ச்சல். போன் நனைந்து ஒரு படமும் உருப்படியில்லை. மாடி மல்லி மொத்தமும் நேற்றே அத்தை, நாத்தனார், நான் என்று மூன்று தலைக்குப் போய்விட்டது. புவிசார் குறியீடு 2013-ல் மதுரை மல்லிக்குக் கிடைத்தது, எங்கள் மாடியில் மிஞ்சியதோ குறியீடு இல்லாத இலை. பரவாயில்லை, இலை இப்போது பச்சை.

7 ஜூன், சனி

குழுவின் பழைய படங்களையெல்லாம் மேலே தள்ளித் தள்ளிப் பார்த்தேன். அதிகம் இருப்பவை அடீனியம், காகிதப்பூ, டேபிள் ரோஜா. மல்லி, கனகாம்பரம், சாமந்தி எல்லாம் குறைவு. மற்றவர்கள் வளர்க்காமலா இருப்பார்கள்? ஒவ்வொரு வீட்டிலும் ஓர் அத்தை இருக்கிறார், அவ்வளவுதான். தலைக்கும் ஆகாமல் சாமிக்கும் ஆகாமல் கிடக்கும் பூக்கள்தான் படத்துக்குத் தங்குகின்றன.

அப்புறம் ஒரு செய்தி. குழுவில் ஒரு தோழி இரண்டு வருஷம் முன்னால் கொடுத்த ஒற்றை இலையில் வளர்ந்த பிரம்மகமலத்தில் முதல்முறையாக ஒரு மொட்டு, பட்டாணி அளவு. இலை என்று சொல்கிறோமே தவிர அது தட்டையான தண்டு. செடி கள்ளி வகை.

28 ஜூன், சனி

மூன்று வாரமாகத் தொங்கிய மொட்டு நேற்றே தூண்டில் முள் மாதிரி கழுத்தை மேலே வளைத்தது. இன்று சாயங்காலம் உப்பிவிட்டது. இன்றிரவுதான்.

பகலில் குழுவில் ஒரு சண்டை. இது இமயமலைப் புனிதப் பூ என்று ஒருவர். இல்லை, அது வேறு செடி, உத்தராகண்டின் மாநில மலர்; நம் வீட்டில் இருப்பது மெக்சிகோ பக்கத்துக் கள்ளி என்று இன்னொருவர். இரண்டாமவர் சொன்னதுதான் சரி. ஆனால் அத்தையிடம் மெக்சிகோ கதையைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

எட்டரைக்கு வாய் திறந்தது. ஒன்பதரைக்கு மாடி முழுக்க வாசம். ஃபிளாஷ் போட்டால் பூ காகிதம் மாதிரி வெளுத்துப் போகிறது. அத்தையை டார்ச்சோடு பூவுக்குப் பின்னால் நிற்க வைத்தேன். வெளிச்சம் இதழுக்குள் ஊடுருவி, உள்ளே மகரந்தத் தண்டுகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. "கையை ஆட்டாதீங்க அத்தை" என்று நான் அதட்ட, அவர் மூச்சைக்கூடப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒன்பது மணிக்கே படுத்துவிடுகிறவர் பதினொன்றரை வரை பிளாஸ்டிக் நாற்காலியில் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பறிக்கவா என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

29 ஜூன், ஞாயிறு

காலையில் பூ நனைந்த துணி மாதிரி தொங்குகிறது.

படத்தின் ஓரத்தில் டார்ச் பிடித்த அத்தையின் கையும் நைட்டியின் பூப்போட்ட விளிம்பும் இருக்கிறது. வெட்டாமலே குழுவில் போட்டேன். தன் போனுக்கும் அனுப்பச் சொல்லி வாங்கி, திண்டுக்கல்லில் இருக்கும் தங்கைக்கு அத்தையே அனுப்பினார். வாய்ஸ் மெசேஜில் பதில் வந்தது: "நல்லாத்தான் இருக்குக்கா. இம்புட்டுப் பெரிய பூவைப் பறிச்சுச் சாமிக்கு வைக்காம செடியிலயா விட்ட?"

அத்தை இன்னும் பதில் அனுப்பவில்லை.